என் இதயத்துக்கு ஆடித் தள்ளுபடி

ஜூலை 2

இந்த நாட்குறிப்பைத் தொடங்க வைத்தது கோபம். கும்பகோணத்தில் ஒரு மனிதன் இவ்வளவு கோபப்பட்டால் மகாமகக் குளம் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை என்றால் அது குளத்தின் குற்றம்.

நடந்தது இதுதான். பைபாஸ் ரோட்டில் புதிதாக முளைத்திருக்கும் கண்ணாடி ஆஸ்பத்திரிக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் இலவச இதய முகாம் போட்டார்கள். நான் குளியலறை வாசலில் மார்பைத் தடவிக்கொண்டு நின்றதை என் மனைவி தையல்நாயகி பார்த்துவிட்டாள். வாயு என்றேன். மாகாண கவர்னர் முன்னால் சொல்லியிருந்தால் கூட நம்பியிருப்பார். தையு நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஈசிஜி எடுத்தார்கள். நார்மல் என்று எழுதியே கொடுத்தார்கள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் ப்ரீத்தி என்று மார்பில் அட்டை குத்திய ஒரு பெண் வழவழத் தாள் ஒன்றை நீட்டினாள். 'இதய மகாராஜா பேக்கேஜ்.' எக்கோ, டிரெட்மில், சி.டி. ஆஞ்சியோ, ரத்தத்தில் ஏதோ அணு மருந்து ஏற்றி ஒரு ஸ்கேன், அதற்கு மேல் எம்.ஆர்.ஐ. ஓர் இதயத்துக்கு இத்தனை படமா! என் கல்யாணத்துக்கே ஒரே ஒரு போட்டோதான். அதிலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

"ஏம்மா, நார்மல்னு நீங்கதானே எழுதிக் குடுத்தேள்?"

"நார்மல்தான் சார். ஆனா அந்த நார்மல் நிஜமாவே நார்மலான்னு பாத்துடணும் இல்லையா?"

கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வாழ்நாளெல்லாம் காஸ்ட் அக்கவுண்டன்டாக இருந்தவனிடம் இந்தப் பேச்சு! கரும்பில் சத்து எவ்வளவு என்று சோதிப்பதற்கே நாங்கள் ஆயிரம் கேள்வி கேட்போம். சோதனைக்கு ஒரு ரூபாய் செலவழித்தால், அதன் முடிவைப் பார்த்து நான் எதையாவது மாற்றிச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது சோதனை இல்லை, வேடிக்கை. பெரிய கோயில் கட்டும்போது கூட இவ்வளவு பெரிய எஸ்டிமேட் போட்டிருக்க மாட்டார்கள்.

தாளை நாலாய் மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது ஆடவில்லை. அந்தப் பேக்கேஜால் இந்த உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை.

ஜூலை 3

புனல் ஒன்று வாங்கினேன். எவர்சில்வர்.

ஜூலை 6

மாலையில் தையுவும் நானும் கும்பேஸ்வரன் கோயிலுக்கு நடப்பது வழக்கம். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் முதலில் மாசிலாமணியின் தையற்கடை. நடுவழியில் சாதிக் பாயின் ஹார்டுவேர் கடை. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் கலியபெருமாளின் பாத்திரக்கடை. ஊரின் பொருளாதாரமே இந்த மூன்று கடைகளின் தோளில்தான் நிற்கிறது. அவற்றை மேற்பார்வை செய்ய ஒரு பெரிய மனுஷன் வேண்டாமா?

கொஞ்ச நாளாகக் கலியபெருமாள் கடை வாசலில் நின்று எவர்சில்வர் விலை நிலவரம் விசாரிக்கிறேன். இன்று அவன் கேட்டுவிட்டான்: "சார், தினம் வர்றீங்க, இட்லிப் பானைய ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டு நிக்கிறீங்க, வெலை கேக்குறீங்க, போயிடுறீங்க. அந்தப் பானை மேல என்ன சார் அப்படி ஒரு இது?"

என்ன அவமானம்! பானையை வாங்கினேன். ஏற்கெனவே போன மாதமே இதே போல ஒரு பானை வாங்கியிருந்தது வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்தது.

தையு இரண்டு பானைகளையும் அருகருகே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 8

சம்யுக்தா ஃபோன் செய்தாள். என் தங்கை பெண். ஆவணியில் கல்யாணம், இதே ஊரில். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை: எந்த வைத்தியத்துக்கு, எந்தச் சோதனைக்குக் கொடுக்கிற காசு தகும், எதற்குத் தகாது என்று கணக்குப் போடுகிறாள். என் ரத்தம்.

"மாமா, மாலை மாத்தும்போது என்னை நீங்கதான் தூக்கணும். பிள்ளையாத்து மாமா கோயம்புத்தூர் சுந்தரேசன் ஆறடி, ஜிம்முக்கெல்லாம் போறார். அவர் மாப்பிள்ளையைத் தூக்கிண்டு நின்னா என் மாலை எட்டவே எட்டாது. நம்மாத்து மானம் உங்க தோள்ல இருக்கு."

மாலை மாற்றலில் தாய்மாமன்கள் பெண்ணையும் பிள்ளையையும் தோளில் தூக்கி, எதிராளிக்கு எட்டாமல் உயர்த்துவது எங்களில் வழக்கம். இவள் அம்மாவைத் தூக்கியவன் எங்கள் மாமா. அன்று பந்தலில் ஓட்டை விழுந்தது என்று சொல்வார்கள். நான்தான் சொல்வேன்.

"சம்யு, நான் தூக்கற தூக்குல நீ ஏரோப்ளேன்ல போறவாளுக்கெல்லாம் மாலை போட்டுட்டு வருவே" என்றேன்.

ஜூலை 9

சம்யுவுக்கு 'மகாராஜா' தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். மேஜை மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. உடனே கூப்பிட்டாள்.

"மாமா, எந்த ஸ்கேன் நல்லதுன்னு பொதுவா கேட்டா பதிலே கிடையாது. யாருக்குன்னு கேக்கணும். ஒரு தொந்தரவும் இல்லாதவாளுக்கு எடுத்தா காசு தண்டம். ஏதாவது நிழல் தெரியும், அந்த நிழலைப் பாக்க இன்னொரு ஸ்கேன், அப்புறம் அதுக்கு ஒண்ணு. நோய் இருக்கறது பளிச்சுனு தெரியறவாளுக்கும் தண்டம்தான். நேரா வைத்தியத்துக்குப் போயிடணும். இருக்கா இல்லையான்னு நடுவுல நிக்கறவாளுக்குத்தான் அந்த விலை தகும். சரி, நீங்க எங்க நிக்கறேள்? நடந்தா மார்ல இறுக்கற மாதிரி இருக்கா? நின்னா சரியாப் போறதா?"

"நான் நடந்தா பூமிக்குத்தான் இறுக்கும்."

"விளையாடாதேங்கோ மாமா. இருக்கா, இல்லையா?"

"இல்லை."

உண்மைதானே? நான் நிற்பது மார்புக்காக அல்ல. விலைவாசிக்காக.

"அப்படின்னா இந்தப் பேக்கேஜ் வீண். ஒத்த ரூபா குடுக்காதேங்கோ" என்றாள். சமையலறை வரை போய்த் தையுவிடம் உரக்க ஒப்பித்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தி, "அவ என்ன கேட்டா, நீங்க என்ன சொன்னேள்?" என்றாள். மேஜைக்காலைக் கவனிக்க வேண்டியிருந்ததால் வந்துவிட்டேன்.

ஜூலை 13

பூட்டு. பித்தளை.

ஜூலை 15

பூட்டு. இது நீளக் கொண்டி.

ஜூலை 17

பாத்திரக்கடைகள் இப்போது பார்க்கத் தகுதியற்றவை ஆகிவிட்டன. எல்லாம் மெல்லிய தகடு. ஹார்டுவேரில்தான் அறிவு இருக்கிறது. சாதிக் பாய் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கிறது. கோயிலுக்குத் தையு மட்டும் போய்விட்டு வந்தாள். சுவாமி எங்கே போய்விடப் போகிறார்?

"பூட்டா சார்?" என்றார் பாய், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"ஆமாம்."

"வீட்டுல எத்தன கதவு சார் இருக்கு?"

கேள்வியைப் பாருங்கள்! ஒரு வாடிக்கையாளனின் கதவுகளை எண்ண இவர் யார்?

ஜூலை 19

ப்ரீத்தி ஃபோன் செய்தாள். ஆடி மாதத்தை ஒட்டி 'மகாராஜா'வுக்குச் சிறப்புத் தள்ளுபடியாம். மனைவியையும் சேர்த்துக்கொண்டால் மனைவியின் எக்கோ இலவசம்!

அடுப்பில் வைத்த பாலே பயந்து அடங்கும்படி கத்தினேன். இதயம் என்ன சுங்குடிப் புடவையா? போன வருஷம் விற்காமல் நின்ற ஸ்கேனை இந்த வருஷம் தள்ளிவிடுகிறார்களா? "என்னைப் பரிசோதித்த டாக்டர் யார், என்னிடம் என்ன கேட்டார், எதற்காக எனக்கு இத்தனை படம், ஒரு காரணம் சொல்லு பார்ப்போம்!" என்று கேட்டேன்.

"உங்க வயசு சார்" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தேன். வாயு. பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். அவள் குரலில்தான் ஏதோ இருக்கிறது.

ஜூலை 22

தோள் பயிற்சி. காலையில், தையு குளிக்கப் போனபோது, அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினேன். சம்யு இதைவிடக் கனம், ஆனால் அரிசி ஒத்துழைக்காது, சம்யு ஒத்துழைப்பாள்.

இன்று வேறெதுவும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 24

ஏணி வாங்கினேன். அலுமினியம், மடக்கு ஏணி. நாங்கள் இருப்பது நின்ற இடத்தில் கையை நீட்டினால் ஓடு இடிக்கிற வீடு என்பதை நான் அறிவேன். சாதிக் பாய் கடையில் இன்று வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார வேண்டியிருந்தது. முகம் வேறு வேர்த்துவிட்டது. "தண்ணி குடிங்க சார், ஆட்டோ சொல்லட்டுமா சார்" என்று அவர் இரக்கப்பட ஆரம்பித்தார். என் பரம்பரையில் எவனும் கடைக்காரனிடம் இரக்கம் வாங்கியதில்லை. கடையிலேயே பெரிய சாமானாகப் பார்த்து வாங்கி அவர் வாயை அடைத்தேன். ஏணி தள்ளுவண்டியில் வீட்டுக்கு வந்தது. என்னையும் அதிலேயே உட்காரச் சொன்னார். மறுத்துவிட்டேன். கொஞ்ச தூரம் வரைக்கும்.

ஜூலை 29

மாசிலாமணி கடையில் பொத்தான் வாங்கினேன். சிவப்பு.

ஜூலை 30

பொத்தான். பச்சை. "யாருக்கு சார், ரவிக்கைக்கா?" என்கிறான். எவ்வளவு கொழுப்பு!

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. காவிரிப் படித்துறைக்குத் தையு ஆட்டோவில் அழைத்துப் போனாள். யார் ஆட்டோ கேட்டார்கள்? இறங்கும்போது ஒன்றுமில்லை. ஏறும்போது பாதிப் படியில் காவிரியின் அழகை ரசிக்க நின்றேன். கண் தானாக மூடிக்கொண்டது, பக்தியால். ஒரு கை மார்பில், மறு கை கொஞ்சம் முன்னால் நீண்டு, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று.

யாரோ ஒரு புண்ணியவதி அந்தக் கையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போனாள்.

என்னிடம்! ஓர் ஆலையின் கணக்கையே உள்ளங்கையில் வைத்திருந்தவனிடம்! "அம்மா, நில்லு!" என்று கத்த வேண்டும் என்று நினைத்தேன். சத்தம் வரவில்லை. அவள் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் வந்தது.

தையு அந்த நாணயத்தை என் கையிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

ஆகஸ்ட் 9

துரோகம்! வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராக ஒரு சோதனைச் சாலை நடந்திருக்கிறது.

காலையில் சம்யுக்தா சென்னையிலிருந்து வந்து நின்றாள். புடவை எடுக்கவாம். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, கல்யாணத்தில் சீர்த்தட்டு வைப்பது போலத் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள் தையு. தேங்காயும் பழமும் இல்லை. இட்லிப் பானைகள், புனல்கள், வடிகட்டிகள். அடுத்து பூட்டுகள், ஒரு கிலோ ஆணி, எலிப்பொறி. அவற்றின் பக்கத்தில் ஏணியைச் சாத்தியிருந்தாள். கடைசித் தட்டில் பொத்தான்கள், ஊசி, நூல்கண்டு.

சம்யு சிரித்தாள். "மாமா, இதெல்லாம் எனக்குச் சீரா?"

"உங்க மாமா வாங்கினதுடி" என்றாள் தையு. "வாங்கின வரிசையிலேயே வெச்சிருக்கேன். அந்தக் கோடியிலேர்ந்து பாரு."

சம்யு பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் எங்கள் வீட்டில் இருந்தவள். அந்தத் தெருவின் ஒவ்வொரு கடையும் தெரியும். பானையைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். பொத்தான் தட்டுக்கு வரும்போது சிரிப்பு போய்விட்டது.

"மாமி, மொதல்ல கலியபெருமாள் கடை வரைக்கும் நடந்தார். அப்புறம் சாதிக் பாய் கடை வரைக்கும். இப்போ மாசிலாமணி கடையா? நாலு வீடு தள்ளி இருக்கே, அதுவா?"

"நேத்து அங்கயும் ஸ்டூல் கேட்டார்."

"சம்யு, ஊசி நூல் இல்லாத வீடு ஒரு வீடா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"பேசாதேங்கோ மாமா!" இந்தப் பெண் என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "அன்னிக்கு உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எல்லா ஸ்கேனுக்கும் விலை இருக்கு. அந்தக் கேள்விக்கு விலையே கிடையாது. மத்த கணக்கையெல்லாம் அதுமேலதான் கட்டறோம். நீங்க இல்லைன்னேள். நான் நம்பி, ஒத்த ரூபா குடுக்காதேங்கோன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அது என் கணக்குன்னுதானே ஆகியிருக்கும்?"

நான் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் தூக்கச் சொன்னேனே, அதுக்காகவா?"

இதற்குப் பதிலாக மிக அருமையான ஒரு வாசகம் தோன்றியது. பந்தல் ஓட்டை, ஏரோப்ளேன் எல்லாம் அதில் வந்தது. சொல்லவில்லை. பூட்டுகளில் ஒன்றை எடுத்துத் திறந்தேன், மூடினேன். நல்ல பூட்டு.

ஆகஸ்ட் 10

டாக்டர் பர்வீன். ரயிலடிப் பக்கம் பழைய கிளினிக், மின்விசிறி கிரீச்சிடும், சுவரில் வழவழத் தாள் ஒன்றும் இல்லை. தையுவிடம் கடைத்தெருக் கதையைக் கேட்டுக்கொண்டு, என் மார்பில் குழாயை வைப்பதற்கு முன்னால் கேள்விகளை வைத்தார்.

"இப்ப எந்தக் கடை வரைக்கும் சார் போறீங்க?"

"தையற்கடை."

"போன மாசம்?"

"பூட்டு."

"அதுக்கு முந்தி?"

"பானை" என்றாள் தையு எனக்குப் பதிலாக.

டாக்டர் பேனாவை மூடினார். "இந்தக் கதைக்கு அஞ்சு படம் வேணாம். ஒரே படம். நேரா ஆஞ்சியோகிராம். கையில ஒரு குழாய் விட்டுப் பாப்பாங்க, அடைப்பு இருந்தா அப்பவே சரி பண்ணிடலாம். நடுவுல எக்கோ, ஸ்கேன்னு ஒவ்வொண்ணா எடுத்தா காசும் போகும், நாளும் போகும். உங்ககிட்ட நாள்தான் சார் கம்மியா இருக்கு."

நான் விடுவேனா? "டாக்டர், சிக்கனமா ஒரு டிரெட்மில் மட்டும்..."

"அதுல உங்கள ஓட விட்டா, சார், அப்புறம் நான்தான் ஓடணும்."

பேக்கேஜ் வேண்டாம் என்று நான் சொன்னது சரி என்று இந்த ஊர் அறிய ஒரு டாக்டரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் வாழ்க்கையின் மகத்தான வெற்றி இது. எவரும் கை தட்டவில்லை. தஞ்சாவூருக்கு வண்டி சொல்லிவிட்டாள் தையு.

ஆகஸ்ட் 12

தஞ்சாவூர். என் இதயத்தின் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. இந்தக் காலத்தில்! டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். நல்ல தடிமனாக வந்துகொண்டிருந்த ஒரு குழாய், ஓரிடத்தில் மாசிலாமணியின் நூல் போல ஆகி, மறுபடி தடித்தது.

"பிரதான குழாய் சார். இதோட நீங்க வெயிட் எதுவும் தூக்கலையே?"

அரிசி மூட்டை பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டென்ட் என்ற கம்பிச் சுருளை உள்ளே வைத்தார்கள். விலை விசாரிக்க வாயைத் திறந்தேன். தையு மூடினாள்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றுகிற பாட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. எழுந்து நிற்கக் கூடாதாம். தேசத்துக்கே அவமரியாதை.

ஆகஸ்ட் 21

வீடு. மாத்திரை, மாத்திரை, மாத்திரை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் பர்வீன் தையுவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கோயம்புத்தூர் சுந்தரேசன் ஃபோன். "கவலைப்படாதேங்கோ பஞ்சாபகேசன் சார். மாலை மாத்தும்போது பொண்ணையும் நானே தூக்கிடறேன். ஒரு தோள்ல அவன், ஒரு தோள்ல அவ."

நல்ல மனசு என்கிறாள் தையு. புரதப் பொடி கரைத்துக் குடிக்கிறவனின் இரக்கம் எனக்கு வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயத்தை விட இது மோசம்.

ஆகஸ்ட் 30

கல்யாணம்.

மாலை மாற்ற நேரம் வந்தது. நாதஸ்வரம் எகிறியது. சுந்தரேசன் வேட்டியை இறுக்கிக்கொண்டு மாப்பிள்ளையைத் தூக்கினார். அரைத் தென்னை மர உயரம். நான் முன்வரிசை நாற்காலியில், அங்கவஸ்திரத்தை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

"வாம்மா, வந்து இந்தத் தோள்ல ஏறிக்கோ" என்றார் சுந்தரேசன்.

"என் மாமாதான் என்னை ஏத்தணும்" என்றாள் சம்யு. பிறகு வாசல் பக்கம் பார்த்து, "கொண்டு வாங்கோ!" என்று கூப்பிட்டாள்.

மண்டபத்துக்குள் வந்தது என் ஏணி. அலுமினியம், மடக்கு. காலில் மாவிலை கட்டி, படியில் மஞ்சள் குங்குமம் வைத்து.

சாஸ்திரிகள் பதறினார். "அம்மா, சாஸ்திரத்துல ஏணி கிடையாதே!"

"சாஸ்திரத்துல ஸ்டென்ட்டும்தான் கிடையாது. ஏறுடி" என்றாள் தையு.

நான் போய் ஏணியின் இரண்டு காலையும் இரண்டு கையால் பிடித்தேன். பிடிக்கக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, எவரும் அவரைக் கேட்கவும் இல்லை. சம்யு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு படி ஏறினாள். சுந்தரேசன் எம்பினார். இன்னொரு படி ஏறினாள். அவர் நுனிக்காலில் நின்றார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. "போதும் சார், விட்டுடுங்கோ, நடந்தா மார்ல இறுக்கறதா?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் மாலை சம்யுவின் முழங்காலோடு நின்றுவிட்டது. அவள் மேலிருந்து, ஒரு மகாராணி பட்டம் கொடுப்பது போல, அவன் கழுத்தில் மாலையைப் போட்டாள். பந்தலில் ஓட்டை விழுந்தது. நான் பார்த்தேன்.

இறங்கும்போது என் தோளில் கை வைத்துக்கொண்டு இறங்கினாள். அவ்வளவு கனமில்லை.

ஒரே வருத்தம். போட்டோக்காரன் எல்லாக் கோணத்திலும் எடுத்தான். இப்போது பார்த்தால் ஒன்றில் கூட என் முகம் இல்லை. ஏணிக்கால் இருக்கிறது, அதைப் பிடித்த இரண்டு கை இருக்கிறது. காசு கொடுத்து எடுத்த படத்தில் முக்கியமானதைக் காணோம்! பாக்கியைக் கொடுக்காதே என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 14

மாலையில் கோயிலுக்கு நடக்கலாம் என்று டாக்டர் பர்வீன் அனுமதி கொடுத்தார். மாசிலாமணி கடையைத் தாண்டினேன். அவன் ஊசியை வாயில் வைத்தபடியே கும்பிட்டான். கடைத்தெருவின் வரலாற்றில் இவ்வளவு கம்பீரமாக ஒருவன் நடந்ததில்லை என்று நினைத்துக்கொண்டே சாதிக் பாய் கடையையும் தாண்டினேன். கலியபெருமாள் தூரத்திலிருந்தே புனல் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அதைத் தையுவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினால், பக்கத்தில் அவள் இல்லை.

சாதிக் பாய் கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன வேணும் உனக்கு? பூட்டா?"

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. "கால் நின்னுடுத்து. நீங்க உக்கார்ந்து எழுந்துக்கற வரைக்கும் இங்கயேதானே நிப்பேன்? முகத்தைப் பாத்தா உங்களுக்குக் கோவம் வரும்னு தெருவைப் பாத்துண்டு நிப்பேன். பழகிடுத்து."

திரும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். வலி இல்லாமல் ஒரு கடை முன்னால் நிற்பது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சாதிக் பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "பூட்டா சார்?"

கோபம் வந்தது. நல்ல கோபம், நெஞ்சில் எங்கேயும் இடிக்காமல் வந்தது.